உம்மாவின் 86

கட்டுகஸ்தோட்டை
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் ஷிராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உம்மா பிடுங்கிக்கொள்வார். ஆகவே எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தனியாக இருந்து வாசிக்கவும்.

மக்காவுக்கு உம்ராப் பயணம் போகுமுன் இருவரும் நடந்து பழகுங்கள் என்று டோஹாவிலிருந்து செய்தி அனுப்பியிருந்தீர்கள். வெயிலில் நடந்தால் காலுக்கும் இரத்தம் வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் வேண்டும், இருப்பதோ ஒரே இதயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடனே விளங்கியது. பெருநாள் நெரிசலில் ஒரே ஆள் துணியும் வெட்டி பில்லும் போட்ட கடை அல்லவா நம்முடையது. மக்காவை அடுத்து நாங்கள் போகவிருக்கும் தாயிஃப் மலையில் ஒட்சிசனும் குறைவு என்றிருந்தீர்கள். கண்டியில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டேன். ஒட்சிசனைக் குறைக்க முகக்கவசம் இரண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏற்றத்தில் நடந்தோம். உம்மா குடை பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கலாராணியோடு கதைத்தபடி முன்னால் போய்விட்டார். மேலே நின்று, "ஷிராஸ்ட வாப்பா, என்ன அந்த லைட் போஸ்ட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று ரோட்டுக்கே கேட்கக் கத்தினார். நான் காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொரோனா காலத்தில் வாங்கினோமே, விரலைக் கவ்வி ஒட்சிசன் பார்க்கும் கருவி, அதை என் விரலில் மாட்டினேன். உம்மா வாசித்தார்: 98. பிறகு உம்மாவின் விரலில் மாட்டி நான் வாசித்தேன்: 86! தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆபத்து என்று அன்றே சொன்னார்களே, மகன். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் 86. எனக்குத் தலை சுற்றியது, மூச்சு வாங்கியது. எல்லாம் உம்மாவைப் பற்றிய கவலை. மூன்று வாரமாக இருக்கிற இருமல்கூடக் கவலையில் கூடிவிட்டது.

"எனக்கு ஒண்டுமில்ல, நான் நல்லாத்தான் ஈக்கிறன்" என்கிறார் உம்மா. பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அழுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். அவர் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடத் தெரியாது. உடனே உம்மாவின் டிக்கட்டை ரத்துச் செய்யுங்கள். சுகதேகியான நான் போய் அவருக்கும் சேர்த்து துஆக் கேட்கிறேன்.

மருமகள் பஸ்லினாவுக்கு ஸலாம். உங்கள் மூச்சில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

அன்புள்ள வாப்பா,
மஹ்ரூப்

பி.கு: இதை எழுதி முடிக்கும்போது உம்மா தானே கருவியை மாட்டி, தன் பக்கமிருந்து பார்த்தார். 98. எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் அது தலைகீழாகி 86 என்று தெரிகிறது. "அப்ப ஒங்களுக்கு ஒண்டுமில்ல!" என்று சந்தோஷத்தில் கதிரையை விட்டு எழும்பினேன். உம்மா சிரிக்கவில்லை. "ஒங்கட 98அ நான் எந்தப் பக்கமிருந்து வாசிச்ச?" என்றார்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீல் வாசலில் நிற்கிறது. என் சப்பாத்துக் கயிற்றை உம்மாதான் கட்டிவிடுகிறார். அவருடைய டிக்கட்டில் கை வைக்க வேண்டாம்.