அண்ணாச்சி தலையில் பேட்ச் நம்பர்

வேலை தெரியாதவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதைத்தான். எனக்கு அந்த முகம் பிரமாதமாக வரும். அதை நம்பித்தான் கம்பெனி என்னைத் தனியாக அனுப்பியது.

பாக்கெட்டுகளில் தேதி, விலை, பேட்ச் நம்பர் அச்சடிக்கும் மெஷின் விற்கிற கம்பெனி. பெல்ட்டில் பாக்கெட் நகர்ந்து வரும்; மெஷின் அதைத் தொடாமலே மையைப் பீச்சி எழுதிவிடும். நான் சர்வீஸ் இன்ஜினியர், சேர்ந்து ஐந்து மாதம். "ஓட்டிக் காட்டி, ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா வேலை நிரந்தரம் ஆகாது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். (ஏற்கெனவே ஒரு மெஷினை நான் தலைகீழாகப் பொருத்தியது அவர் மனதில் இருந்திருக்க வேண்டும்.)

இடம், ஆரியசாலையில் ஒரு பப்படக் கம்பெனி. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி; அங்கேயே இருந்து பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டவர், என்னை மகளே என்பதற்கு மோளே என்பார். ஓணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டுக்கு முதல் லோடு பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும். பேட்ச் நம்பர் இல்லாத பாக்கெட்டை அவர்கள் வாங்கமாட்டார்கள்.

"மோளே, பூஜை போடாம நான் ஒண்ணையும் தொடங்கமாட்டேன், கேட்டியா" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவியை அங்கே எல்லோரும் மைனி என்றார்கள். மைனி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"குடுங்க மைனி, எங்க வைக்கணும்னு இன்ஜினியருக்குத்தானே தெரியும்" என்று வாங்கிக்கொண்டேன்.

பெல்ட் ஓரத்தில் வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி ஓர் இடம் இருந்தது. சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மேனேஜர் கும்பிடு போட்டார்.

அந்த வட்டம்தான் சென்சார். பாக்கெட் வருகிறதா என்று பார்க்கிற கண். ஒரு மணி நேரம் முன்னால் அதை என் கையாலேயே பொருத்தியிருந்தேன்.

பெல்ட் ஓடியது, பாக்கெட்டுகள் போயின, ஒரு எழுத்துகூட விழவில்லை. மையை மாற்றினேன். ஃபில்டரைக் கழற்றினேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன் (இது எங்கள் தொழிலின் உச்சகட்ட வித்தை). கடைசியில் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சென்சார்ல சிவப்பு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது சார்." குங்குமம் பளிச்சென்று இருந்தது. அவர் கேட்டது சென்சாருக்குள் எரிகிற சிவப்பு விளக்கை.

மணி பத்தே முக்கால். அண்ணாச்சி என்னைத் திட்டவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனதை நாகர்கோவிலில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"மையி எதுவழியா வரும்?" என்று அண்ணாச்சி குனிந்து எட்டிப் பார்த்தார். அவருக்குச் சுத்தமான வழுக்கை. அது சரியாக மை பீச்சும் துளைக்கு நேரே வந்து நின்றது.

"பொட்டு கோணலா இல்லா இருக்கு, அதான் மெஷினு ஓடமாட்டேங்குது" என்று மைனி அந்தச் சமயத்தில்தான் முந்தானையால் சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்துத் துடைத்தார். ஒவ்வொரு துடைப்பையும் மெஷின் ஒரு பாக்கெட் என்று நினைத்துக்கொண்டது. மைனி ஐந்து தடவை துடைத்தார்.

"எந்தா இது, தலையில குளிருது?" என்றார் அண்ணாச்சி.

"மெஷின் ஓடுது அண்ணாச்சி" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அந்த மை ஒரு நொடியில் காய்ந்துவிடும். சோப்புக்கெல்லாம் மசியாது. துடைக்கிற திரவம் கண்ணில் வழிந்துவிடுமென்று மைனி தடுத்துவிட்டார். பாக்கெட்டுகள் நம்பரோடு லோடில் ஏறியதும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி கிளம்பினார். சூப்பர் மார்க்கெட்டில் துண்டு அவிழ்ந்துவிட்டதாம். பாக்கெட்டில் இருந்த நம்பரும் தலையில் இருந்த நம்பரும் ஒத்துப்போனதால், மறுபேச்சில்லாமல் சரக்கை இறக்கிக்கொண்டார்களாம். (அண்ணாச்சி சொன்னது. நான் பார்க்கவில்லை.)

கிளம்புவதற்கு முன் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டார். கீழே 'குறிப்பு' என்ற இடத்தில், "மெஷின் நன்று. இன்ஜினியரைப் பூஜை செய்ய விடக் கூடாது" என்று எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வாயெடுத்தார். குரூப்பில் அந்தப் போட்டோவுக்கு அவரே கும்பிடு போட்டிருந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டார். வேலை நிரந்தரமானது.

வீட்டில் இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வருவதில்லை. ஸ்கூட்டர், மிக்சி, லேப்டாப் என்று அப்பாதான் பொட்டு வைத்துக்கொண்டே போவார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இன்ஜினியரம்மா, இதுக்குக் கண்ணு எங்கன்னு மட்டும் சொல்லிட்டுத் தள்ளி நில்லு" என்பார்.