பக்கிரி மளிகை எதிரில்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் செந்தமிழனுக்கு அப்பா திருமால் எழுதுவது. பெங்களூரில் நீயும் மருமகள் காவியாவும் சுகமாக இருக்கப் பழமலைநாதர் துணை நிற்கட்டும். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கடைக்கு அலையக் கூடாது என்று பருப்பு, புளி, சோப்பு எல்லாவற்றையும் அங்கிருந்தே போனில் தட்டி அனுப்புகிறாயே, கடை எவ்வளவு தூரம் என்று மறந்துபோயிற்றா? நம் வாசலில் இருந்து பக்கிரி மளிகைக்குப் பதினாறு அடி. நடுவில் ஒரு சாக்கடை, அவ்வளவுதான். அதிலும் முகவரியில் அடையாளம் என்று "பக்கிரி மளிகை எதிரில்" என்று போட்டு வைத்திருக்கிறாய். பார்சல் கொண்டு வருகிற ஆள் வாரத்துக்கு ஒருவர் மாறுகிறார். எல்லோரும் நேரே பக்கிரி கடையில் வண்டியை நிறுத்தி, "திருமால் வூடு எதுங்க? துவரம் பருப்பு வந்திருக்குது" என்று கேட்கிறார்கள். துவரம் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் கேட்கிறார்கள். அவரும் எழுந்து வந்து, "தோ, அந்தப் பச்சை கேட்டுங்க" என்று கை காட்டுகிறார். நான் கேட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறேன். முப்பத்தொரு வருஷம் பீங்கான் சூளைக்கு முன்னால் நின்றவன், அங்கேகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

போன மாதம் நாங்கள் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்த பார்சலை வாங்கி வைத்ததும் அவர்தான். "அண்ணே, உங்க அரிசி வந்துச்சு, எறும்பு ஏறாம உள்ள வச்சிருக்கேன்" என்று தன்னுடைய அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு நீ அனுப்பிய அரிசியை எடுத்துக் கொடுக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து வெளியே போவதென்றால் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போகிறேன். சந்தில் நாய் துரத்தியதில் ஒரு செருப்பு போயிற்று. அதற்கு நீ புதுச் செருப்பு அனுப்பினாய், எட்டாம் நம்பர். எனக்கு ஏழு. பிறகு டீக் கப் வந்தது. பீங்கான் கப், இந்த ஊருக்கு! நான் சுட்ட கப்பில் பாதி ஊர் டீ குடிக்கிறது, எனக்கு எங்கோ வடக்கே இருந்து ஆறு கப், அதில் நாலுக்குப் பிடி இல்லை. பிறந்தநாளுக்குப் புது ஓட்டலில் இருந்து இட்லி வரவழைத்தாயே, அது ஆறிப்போய் வந்தது. ஏன் தாமதம் என்று கேட்டேன். "வழியில சொர்ணாம்பாள் கடையில நாலு இட்லி சாப்டேங்க. இந்த ஓட்டல் இட்லி நமக்கு ஒத்துக்காது" என்று கொண்டு வந்தவரே சொல்கிறார்.

ஐப்பசி மழையில் உன் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தபோது நான் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தது யார்? கடையில் ஆறு பேர் நிற்க, கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தவர் பக்கிரி. அதற்கு உன் போனில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று எழுதி அனுப்பு. இப்போது தெருவே பார்சல் வாங்குவதால் அவர் கடையில் பாதி அலமாரி காலி. அந்தக் கடை மூடிவிட்டால் நான் கூப்பிட இந்தத் தெருவில் ஆள் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறதப்பா.

ஆகவே நேற்று வந்த மூன்று பார்சலையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். அதோடு விடவில்லை. தெருவில் பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கிப் பேசினேன். எட்டு வீட்டார் இனிமேல் பார்சலே வாங்குவதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். நீயும் இன்றோடு நிறுத்திக்கொள்.

மருமகளுக்கு எங்கள் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுங்கள், உங்கள் தெருவில் இருக்கிற கடையில் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
திருமால்

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கப் பக்கிரி கடைக்குப் போய், செய்ததைப் பெருமையாகச் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாரும் என்கிட்டயே வழி கேக்கறாங்கன்னு அந்தக் கம்பெனிக்காரங்க என்னையே ஏஜெண்டா போட்டுட்டாங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து இந்தத் தெருப் பார்சலெல்லாம் நம்ம கடையிலதான் எறங்கும். ஒண்ணுக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க. அதை நம்பித்தான் கடைய மூடாம வச்சிருக்கேன்" என்றார். எட்டு வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பார்சல் வாங்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுத மாட்டேன். நீ ஒன்றாம் தேதியிலிருந்து தினம் ஒரு பார்சல் போடு. பருப்பும் புளியும் வேண்டாம், அதை அவரிடம்தான் வாங்குவேன். வேறு எதையாவது அனுப்பு. கனமில்லாததாக இருக்கட்டும், அவருக்கு இடுப்பு வலி.