‘இன்னொண்ணு’ அண்ணனின் மூன்று பேட்டரி செட்

கரண்ட்டை ஜென்ம விரோதியாக வைத்துக்கொண்டு வாழ்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரும் என் பட்டறைக்குத்தான் வந்து சேர்ந்தார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறேன். நல்ல வார்த்தை பேசத் தெரியாதவன் என்று ஊரில் பேர். இவர் வந்த பிறகு அந்தப் பேர் இன்னும் கெட்டது.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் ‘இன்னொண்ணு’. எதைச் செய்து கொடுத்தாலும், “நல்லாருக்குது சாமி, இன்னொண்ணு போட்டுருங்க” என்பார். சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி. வேட்டிக்கு பெல்ட், பெல்ட்டுக்கு மேல் கயிறு. பல்செட் கட்டியிருந்தார், அதிலும் இன்னொரு செட் மஞ்சள் பைக்குள் இருந்தது.

கோழிப்பண்ணை வைத்திருந்தவர். வெயில் காலத்தில் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கோழி சுருண்டு விழும். ஆகவே அவரிடம் எல்லாமே இரண்டிரண்டு. பண்ணையைப் பார்த்துக்கொள்ள மட்டும் அவரையும் அவர் சம்சாரத்தையும் விட்டால் இன்னொரு ஆள் கிடையாது. ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் கோழிக்குக் காவல். இருவரையும் ஒரே பந்தியில் பார்த்தவர் கிடையாது. ஒரு விசேஷத்தில் யாரோ ஒரு பெரியவர், “சம்சாரம் எப்பத் தவறுனாங்க?” என்று இவரிடம் துக்கமே விசாரித்துவிட்டாராம்.

“தவறலீங்க. கோழிக்குத் தண்ணி காட்டிட்டிருக்காங்க” என்றாராம் இவர்.

பண்ணையைக் குத்தகைக்கு விட்ட மறுவாரமே ஒரு பழைய மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“இதுக்குள்ள ஒரு ஊடு கட்டிக் குடுங்க சாமி. ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போறோம்.”

பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம், எங்களுக்கு அக்கா, ஒன்றே ஒன்று சொன்னார். “எனக்கு வெக்கை ஆவாது. காத்து நின்னுச்சுன்னா அங்கயே எறங்கி ஊட்டுக்கு பஸ் ஏறிருவேன். அப்பறம் சென்மத்துக்கும் கூப்புடக் கூடாது.”

அண்ணன் முகம் வெளிறியது. அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று.

என்ஜினுக்கு ஒரு பேட்டரி. ஃபேன், லைட்டுக்குத் தனியாக ஒரு செட். ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு செட்; கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது என்ஜினே மூன்றையும் சார்ஜ் ஏற்றும். நிற்கும்போது கூரை மேல் இருக்கும் சோலார் தகடு ஃபேன் செட்டையும் ஃப்ரிட்ஜ் செட்டையும் பார்த்துக்கொள்ளும். நின்ற வண்டியில் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் என்ஜின் பேட்டரியைத் தொடக்கூடாது. இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. அதற்காக நடுவில் ஒரு ரிலே வைத்துப் பிரித்தேன். ஒழுங்கான வேலை.

வந்து பார்த்தார். “ஃபேன் செட்டு எறங்குச்சுன்னா ஃப்ரிட்ஜ் செட்டுலருந்து அதுக்குச் சார்ஜ் ஏறட்டும். ஃப்ரிட்ஜ் செட்டு எறங்குச்சுன்னா ஃபேன் செட்டுலருந்து இதுக்கு ஏறட்டும். ஒண்ணுக்கொண்ணு தொணை.”

“ஏனுங்ணா, பந்தில ரெண்டு பேர் ஒருத்தர் எலைலருந்து ஒருத்தருக்கு அள்ளி அள்ளிப் போட்டுட்டிருந்தா சோறு பெருகுமா? பாதி கீழதான் சிந்தும்.”

“பெருக வேண்டாம் சாமி. நிக்காம இருந்தாப் போதும்.”

முடியாது என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்துப்போய், வீட்டு வாசலில் வைத்து, இன்வெர்ட்டரும் சார்ஜரும் வாங்கி, அந்தக் கூத்தைத் தானே செய்து முடித்தார். அது போதாதென்று ரிலேவைத் தாண்டி என்ஜின் பேட்டரிக்கும் ஒரு தடி ஒயரை இழுத்துவிட்டார். ஆபத்துக்கு உதவுமாம்.

முதல் பயணம் மேட்டூர். காலையில் போய்ச் சேர்ந்தவர், சம்சாரத்துக்கு வெயில் படக்கூடாதென்று நல்ல புளியமரத்து நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். கூரை மேல் சோலார் தகடு இருப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு தகடு. இரண்டும் நிழலில்.

மத்தியானம் போன் வந்தது. சாவுச் சேதி சொல்கிற குரல்.

“சாமி… மூணும் ஒண்ணாப் போயிருச்சுங்க.”

சங்ககிரி வழியாக பிக்கப்பை ஓட்டிப் போனேன். வழி நெடுக வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே திட்டினேன்.

போய்ப் பார்த்தால், ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் அக்கா மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரில் நின்று, முட்டை அடுக்குகிற அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு அட்டை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னங்க்கா, இன்னும் கெளம்பலையா?” என்றேன்.

“ரண்டு மூணு பஸ்ஸு போயிருச்சு. காத்து நின்னா ஏறலாம்னு பாக்கறேன். இந்த மனுசன் நிறுத்தித் தொலைய மாட்டேங்கறாரு.”

அண்ணன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது.

நான் திட்ட வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. வண்டிக்குள் போய் அவர் இழுத்த ஒயர்களையெல்லாம் பிடுங்கினேன். என் பிக்கப் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து என்ஜினைக் கிளப்பினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் ஃபேன் முக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

“அந்த ஒயரக் குடுங்க சாமி, வெச்சுக்கறேன்” என்றார் அண்ணன்.

“பேசாம வாங்க” என்றார் அக்கா. பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். “இனி வண்டிய வெயில்ல நிறுத்துங்க. நா வேணா எறங்கி நெழல்ல உக்காந்துக்கறேன். மைசூருக்கு எந்தப் பக்கம் போவோணும்?”

அண்ணனுக்கு அட்டையைக் கீழே போடவும் தோன்றவில்லை. இரண்டு அட்டையோடும் ஸ்டியரிங்கில் உட்காரப் போனவரை நான்தான் பிடித்து அட்டைகளை வாங்கினேன்.

இப்போது அவர்கள் ஊரில் தங்குவதே இல்லை. எங்கே வண்டியை நிறுத்தினாலும், நான் சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து அண்ணன் போன் செய்வார். பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வது போல ஒவ்வொரு செட்டிலும் எவ்வளவு வோல்ட் என்று சொல்வார். “சரி, வைங்க” என்று கத்திவிட்டு வைப்பேன்.

போன மழையில் கொஞ்ச நாளாக அவரிடமிருந்து போனே இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். இலையை மூடிவிட்டு நானே கூப்பிட்டேன். பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான்.