அந்த மெஷின் நான்தாங்க

தஞ்சாவூர்,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெனித் அவர்களுக்கு,

மாமனார் குழந்தைராஜ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் தொடங்கினேன். பிறகு யோசித்து 'அனைவரும்' என்பதை அடித்துவிட்டேன். உங்கள் அத்தை மரியபுஷ்பத்தின் கண் நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே தெரிவிக்கிறேன். பெங்களூரில் நீங்கள் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். பேசும்போது எனக்கு முன்பின் குழம்பிவிடும் என்பதால் கடிதம்.

அத்தைக்குக் கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து உங்கள் மனைவி ஜெனிட்டா இங்கே தங்கி, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பது நீங்கள் அறிந்ததே. திரையில் அந்த மவுஸ் அம்பு ஐந்து நிமிடம் அசையாவிட்டால் பெயர் பச்சையிலிருந்து மஞ்சளாகிவிடும், மஞ்சள் கூடினால் வேலை போய்விடும் என்பதும், நீங்களும் அதே கம்பெனியில் இருப்பதால், உங்களுக்குப் புதிதல்ல. தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அம்மாவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டும். ஆகவே போன வாரம் என்னை உட்காரவைத்து, "சும்மா மவுஸை அப்பப்ப ஆட்டிக்கிட்டே இருங்கப்பா, வேற எதையும் தொட்டுடாதீங்க" என்றாள். இங்கேதான், மாப்பிள்ளை, என் குறை ஆரம்பமாகிறது. எனக்குச் சும்மா ஆட்ட வராது. வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருடம், ஒரத்தநாட்டிலிருந்து திருவையாறு வரை, கயிறு பிடித்து இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று வரிசை நடவு சொல்லிக்கொடுத்தவன். திரையையும் ஒரு வயலாகப் பாவித்தேன். இடமிருந்து வலம் ஒரு வரிசை, பத்து விநாடி நிறுத்தம், ஒரு விரற்கடை கீழே, வலமிருந்து இடம் அடுத்த வரிசை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டேன். ஐந்து நாளும் ஒரு வரிசைகூடக் கோணவில்லை. பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திங்களன்று அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் மவுஸை இயக்குவது மனிதர் அல்ல, இயந்திரம், வெள்ளியன்று விசாரணை, விளக்கம் திருப்தியில்லை என்றால் பணிநீக்கம். ஜெனிட்டா, "என்னப்பா பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். "வரிசையா நட்டேம்மா" என்றேன்.

மறுநாளிலிருந்து என்னை அந்த நாற்காலியில் உட்காரவிடவில்லை. புதன்கிழமை பதினொன்றரைக்குச் செய்தித்தாள் எடுக்க அந்த அறைக்குள் போனேன். அறையில் யாரும் இல்லை. அம்பு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது! மூலைக்குப் போனது, தாண்டிப்போனது, தப்பென்று தெரிந்து திரும்பியது, நடுவில் நின்று யோசித்தது. என் வாயிலிருந்து, "யாருங்க?" என்றுதான் வந்தது. "வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லைங்க, பன்னெண்டு மணிக்கு மேல வாங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்று ஜெபித்தேன். திரும்பி வந்த ஜெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது அவர் அனுப்பின ஸ்கிரிப்டுப்பா, மவுஸைத் தானா ஆட்டுற புரோகிராம். நேர்கோட்டுல போகாது. வளைஞ்சு போகும், தடுமாறும், தப்புப் பண்ணும். அசல் மனுஷன் மாதிரியே." நீங்கள் அனுப்பியது என்று தெரிந்ததும் என் அதிர்ச்சி மரியாதையுடன் கூடிய அதிர்ச்சியாக மாறியது, குறையவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. திரையில் நெடுமாறன் என்ற மேலாளர் வந்தார். "போன வாரம் ஓடுனது மெஷின்தாங்க, சந்தேகமே இல்ல. செவ்வாய்ல இருந்துதான் உங்க கை. இங்க பாருங்க, எப்படித் தயங்குது! எவ்வளவு உயிரோட இருக்கு! இதை மறைச்சுட்டு எதுக்கும்மா அந்த மெஷினை ஓட்டுனீங்க?" என்றார். பிள்ளையின் பிழைப்பு போகிறதே என்று என்னால் பொறுக்க முடியவில்லை. கேமரா முன்னால் போய், "ஐயா, அந்த மெஷின் நான்தாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ஆட்டிக் காட்டச் சொன்னார். சும்மா ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் மவுஸைத் தொட்டதும் வரிசை வந்துவிட்டது. "தொண்ணூத்தெட்டு சதவீதம் மெஷின்னு காட்டுதே! பெரியவரே, உடம்பை எதுக்கும் செக் பண்ணிக்குங்க" என்றார். அப்புறம் மனமிரங்கி, "அப்பா உதவிக்கு வந்திருக்கார், இந்த ஒரு தடவை விட்டுடறோம். செவ்வாய்க்கிழமைக் கையை உங்க கைன்னு பதிஞ்சுட்டோம். இனி வேற கை பட்டா வேலை இல்லை" என்றார். அதுவும் இவள் கை இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெனிட்டா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

படித்தவன், பூசைக்குப் போகிறவன், மனிதக் கையை மெஷின் என்றும் மெஷினை மனிதக் கை என்றும் ஆக்கிவிட்டு நாளை எந்த முகத்தோடு கோயிலில் நிற்பது? ஆகவே இன்று காலை ஜெனிட்டாவிடம் மன்றாடி, அந்த ஸ்கிரிப்டை அடியோடு அழிக்க வைத்துவிட்டேன். அத்தையின் கண்கட்டும் பிரித்தாகிவிட்டது. திங்கள் முதல் அவள் கை மட்டுமே மவுஸைத் தொடும். பொய்யில் நிற்கும் வேலை நமக்கு வேண்டாம், மாப்பிள்ளை. இதுபோன்றவற்றை இனி அனுப்ப வேண்டாம் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் இந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கவும்.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். வேளாங்கண்ணி மாதா உங்களைக் காத்து, நீண்ட ஆயுளும் நிம்மதியான உத்தியோகமும் தருவாளாக.

என்றும் பணிவுள்ள,
குழந்தைராஜ்

பி.கு. (திங்கள், பிற்பகல்): தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுத வேண்டியதாயிற்று. இன்று காலை ஜெனிட்டா தன் சொந்தக் கையால் வேலை செய்தாள். பத்து இருபதுக்கு 'இது ஜெனிட்டாவின் கை அல்ல' என்று அறிவிப்பு வந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல் அந்த ஸ்கிரிப்டை உடனே மறுபடி அனுப்பவும். பதினேழு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. அலுவலகத் திரையில் உங்கள் பெயர் மட்டும் காலையிலிருந்து பச்சையாகவே இருக்கிறதாம். இதற்கிடையில் அந்த அம்பு போன விதத்தை நினைவுபடுத்தி, தயங்கவும் தடுமாறவும் அவளுக்கு நான் பக்கத்தில் இருந்து பயிற்சி கொடுத்துவருகிறேன். இதுவரை அறுபத்திரண்டு சதவீதம்தான் ஜெனிட்டாவாக இருக்கிறாள்.