குர்பானிக் கறியும் ஃபிரிட்ஜ் சாவியும்

பத்தாவது பாஸ் பண்ணிய மருமகளிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், ஃபிரிட்ஜ் சாவியை மட்டும் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மருமகள் நான்தான்.

எண்பதுகளின் நடுவில், பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் சபுரில் இருந்தார்கள். சபுர் என்றால் பயணம். எங்களுக்கு அது குவைத்து, துபாய். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாற்பதாம் நாள் குவைத்துக்குப் போனார். ஒன்றரை வருஷம் கழித்து, திருச்சியில் இருந்த கூட்டாளி ஒருவருக்கு எழுதி, வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பச் சொன்னார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஃபிரிட்ஜ் அது.

வந்த மறுநாள் தெருவே கூடி நின்றது. ராத்திரி சொம்பில் வைத்த தண்ணீரைக் காலையில் கல்லாக எடுத்துக் காட்டினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் அதில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது கரைந்து முழங்கை வழியாகச் சொட்டி முடிகிறவரை "சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதன் கதவில் பூட்டும் இருந்தது. என் மாமியார் (மாமி என்றுதான் கூப்பிடுவேன்) சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

"படிச்ச புள்ள, நீயே இதப் பாத்துக்க. எனக்கு இது உறுமுறதக் கேட்டாலே பயமா இருக்கு."

பீரோ சாவியோடு அதையும் சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆளுயரம் நிற்கிறது, தட்டுத் தட்டாக இருக்கிறது, பூட்டு சாவி இருக்கிறது. என் புத்திக்கு அது இன்னொரு பீரோ, கொஞ்சம் குளிர்ந்த பீரோ.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்தோம். என் வீட்டுக்காரர் லீவில் வர இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. முந்தின பெருநாளுக்கு அவர் பேசி அனுப்பிய கேசட்டில், "நீங்கள்லாம் கறி தின்னுருப்பீங்க. நான் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தின்னுட்டுப் படுத்துட்டேம்மா" என்று ஒரு வரி வரும். மாமி அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, கடைசியில் நாடாவே இழுத்துக்கொண்டது. அதனால் இந்த முறை தொடைக்கறியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது ஜமாலு பங்கு. அவன் வர்ற வரைக்கும் கெடாம இருக்குமா?"

"ஐஸுல வச்சா ஆறு மாசம்கூட இருக்கும் மாமி. நீங்க கவலையே படாதீங்க" என்றேன், ஃபிரிட்ஜ் கம்பெனியே என் அத்தா வீட்டுச் சொத்து மாதிரி.

மாமி அதோடு விடவில்லை. மகன் வந்து தன் பங்கைத் தின்கிறவரை தனக்கும் கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெருநாளன்று எல்லோரும் நெய்ச்சோறும் கறியும் தின்ன, அவர் தயிர் ஊற்றிப் பிசைந்து தின்றார்.

நாலு நாள் கழித்து ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் இடுக்கில் ஒரு கரப்பான் பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குப் பகீர் என்றது. பீரோவில் பூச்சி வந்தால் என்ன செய்வோம்? கடைக்குப் போய் எட்டு அந்துருண்டை வாங்கி வந்தேன். எங்கே வைப்பது என்று பார்த்தால், கதவின் உள்பக்கத் தட்டில் வட்ட வட்டமாக எட்டுக் குழிகள்! (முட்டை வைக்கிற இடம் என்று இப்போது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டில் கோழி போடுகிற முட்டை அன்றைக்கே சட்டிக்குப் போய்விடும்.) குழிக்கு ஒன்றாக வைத்தேன். கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பாந்தமாக உட்கார்ந்தன. கம்பெனிக்காரன் மூளையே மூளை என்று வியந்து கதவைப் பூட்டினேன்.

குளிர் பொல்லாதது, வாசத்தை அமுக்கி வைத்துவிடும். திறக்கும்போது லேசாக ஒரு நெடி வரும், அவ்வளவுதான். ஐஸ் வாங்க வந்த பெண்கள்கூட, "சபுர் சாமான்னா இந்த வாசம் இருக்கத்தானே செய்யும்" என்று ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டுப் போனார்கள். (திருச்சிச் சாமான் என்று நான் வாயைத் திறக்கவில்லை.)

அவர் மெட்ராஸ் பஸ்ஸில் வந்து பெரம்பலூரில் இறங்கி, வாடகைக் காரில் வீடு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. சபுராளி வந்த வீட்டில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கூடத்தில் முப்பது பேர், நடுவில் கயிறு கட்டிய பெரிய பெட்டி. நலம் விசாரித்தது அவரை, பார்த்தது பெட்டியை.

நான் அடுப்படியில் இருந்தேன். கருங்கல்லாகக் கிடந்த கறியைத் தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்து, இஞ்சி பூண்டு வதங்கிய சட்டியில் போட்டு மூடினேன். முதலில் பட்டை கிராம்பு வாசம் வந்தது. பிறகு அது வந்தது.

அம்மாடி, அதை என்னவென்று சொல்வேன்! பத்துப் பட்டுப் புடவையை மசாலா போட்டு வேகவைத்த மாதிரி ஒரு நெடி. மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கண்ணைக் கரித்து, ஓட்டுக் கூரையை முட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனது. ஒன்றரை மாதம் குளிரில் வாயை மூடிக் கிடந்தது, நெருப்பைக் கண்டதும் மொத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயத்தைவிட மலைப்புத்தான் அதிகம். நெல்லிக்காய்கூடத் தேறாத ஒரு உருண்டைக்குள் இவ்வளவு வல்லமையா!

கூடத்தில் அவருடைய அக்கா மைமூன் குரல் கேட்டது.

"டேய் ஜமாலு, பெட்டியத் தொறந்துட்டியா?"

"இல்லக்கா, இன்னும் கயிறே அவுக்கல."

"பொய் சொல்லாதடா. புதுப்புடவ வாசம் தூக்குது!"

எழுந்து போகப் பார்த்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். தெருவில் போனவர்களும் உள்ளே வந்தார்கள். அவர்தான் மோப்பம் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே மாமி, அவருக்குப் பின்னால் ஊர்.

"என்ன புள்ள கறியில போட்ட?" என்றார் மாமி.

"உப்பும் மஞ்சளுந்தான் மாமி" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவில் வரிசையாக எட்டு வெள்ளை உருண்டைகள், கொஞ்சம் இளைத்துப்போய். ஒன்றை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"இது எந்தக் கோழி போட்டது?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "குர்பானிக் கறி, குப்பையில போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். கொல்லையில் குழி தோண்டிச் சட்டியோடு புதைத்தோம். (அந்தச் சட்டி இனி எதற்கும் ஆகாது.)

அப்புறம் மாமியே ஒரு சேவலைப் பிடித்து, அறுக்கச் சொல்லி, ஆணம் காய்ச்சினார். (ஆணம் என்றால் எங்களுக்குக் குழம்பு.) மூன்று மணிக்குத் தாயும் மகனும் ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமி முதல் கறித்துண்டை வாயில் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங் கறி வாசத்துல சேவலு மயங்கி நின்னுச்சு புள்ள. இல்லாட்டி அது எங் கையில சிக்குமா?"

அப்போதுதான் நானும் சிரித்தேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது அவர் மாமியிடம், "அம்மா, இனிமே எனக்குப் பங்கு எடுத்து வைக்காதீங்க. இவள நம்ப முடியாது. பெருநாளுக்கு நானே வந்து தின்னுட்டுப் போறேன்" என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த லீவை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே வந்து சேருகிற மாதிரி எடுத்தார். அதற்கடுத்த லீவையும் அப்படித்தான். குவைத்தை விட்டு வருகிறவரை அந்த வழக்கத்தை மாற்றவேயில்லை.

மைமூன் அக்கா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை இழுத்து நடுவில் நிறுத்திக்கொள்வார். "அவளவளும் புருஷன் வரணும்னு தாயத்துக் கட்டுனா, தர்காவுக்கு நேந்துக்கிட்டா. எங்க வூட்டு மருமவ எட்டே எட்டு அந்துருண்டையில இழுத்துக்கிட்டு வந்துட்டா!"

அக்கா இதை முதல் தடவை சொன்னபோது எல்லோரும் சிரித்து ஓய்ந்து கலைந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத இரண்டு பெண்கள் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சிரிக்காமல், எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டார்கள்.