குடும்பத்துக்கு ஒரு கட்டம்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க காலனி பூங்காவுக்கு பிளான் போடணும்.

அறுபதுகளோட கடைசி. கிழக்குத் தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல நான் டிராயிங் மாஸ்டர். பூங்கான்னு சொல்றேனே தவிர, அங்க இருந்தது ரெண்டு தூங்குமூஞ்சி மரம், காலு வைக்க முடியாத அளவுக்கு நெருஞ்சி முள்ளு, அப்புறம் ஒரு ஊஞ்சல் கம்பி. ஊஞ்சல் கிடையாது. கம்பி மட்டும்!

காலனி சங்கத் தலைவர் ஹபீப் பாய். கடைத்தெருவுல ஹார்டுவேர் கடை வச்சிருந்தார். ரெண்டு வருஷமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு ஒரு ஆபீசரைப் பிடிச்சார். ஆபீசர் பட்டுனு சொல்லிட்டார்.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு வந்து பார்ப்பேன். ஜனங்க வந்து உக்கார்ற இடம்னா பெஞ்சு, பிக்னிக் இடம், எது கேட்டாலும் கையெழுத்துப் போடறேன். வெறும் பொட்டல்னா ரோடு போடற ஜல்லியை அங்க கொட்டிக்கறோம்."

பாய் நேரா என்கிட்ட வந்தார். "மாஸ்டர், நீங்கதான் டிராயிங்காச்சே! என்னென்ன எங்கெங்க வரும்னு கோடு போட்டுக் காட்டுங்க. ஆபீசர் அசந்துடணும்."

நான் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் பூசணிக்காய் வரையறது. அதை வெளியில சொல்ல முடியுமா? "அதுக்கென்ன பாய், ஜமாய்ச்சிடலாம்"ன்னுட்டேன்.

என் மனைவி எஸ்தர்கிட்ட தலைவலின்னு சொல்லி சர்ச்சுக்கு டிமிக்கி குடுத்தேன். அவ தெருமுனை திரும்பினதும் நான் இந்தப் பக்கம் கிளம்பிட்டேன். பாய் கடையிலேர்ந்து ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, அள்ளிப் போட ஒரு டப்பா, ஒரு சணல் கயிறு.

முதல்ல பூச்செடிக்கு ஒரு வட்டம் போட்டேன். இட்லி மாதிரி வந்துச்சு. சரி, தூரத்துலேர்ந்து பார்த்தா வட்டம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்தது பூப்பந்து கோர்ட்டு. அப்புறம் மரத்தடியில பிக்னிக் இடம். அங்கதான் என் மூளை வேலை செஞ்சது! குடும்பம் குடும்பமா வந்து சாப்பிடுவாங்களே, ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கக் கூடாதுன்னு, சதுரம் சதுரமா பதினாறு கட்டம் போட்டேன். அட்டகாசமா இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா இடுப்புல தண்ணிக்குடத்தோட வந்து நின்னாங்க. பேரு செங்கேணி. ரயில் லைன் ஓரக் குடிசையில இருக்கறவங்க. அங்க குழாய் கிடையாது. தினம் பூங்காவைத் தாண்டி அரை மைல் நடந்து, எங்க காலனிக் கோடியில இருக்கற கிணத்துலதான் தண்ணி எடுத்துக்கிட்டுப் போவாங்க.

"இன்னா சார், கோடு போட்டுகினு கீறே?"

"ஜனங்களுக்கு இடம்மா."

"எந்த ஜனத்துக்கு?"

"எல்லா ஜனத்துக்கும்தான். குடும்பத்துக்கு ஒரு கட்டம்."

குடம் இடுப்புலேர்ந்து இறங்கிடுச்சு. "துட்டு எவ்ளோ சார்?"

"இலவசம்!"

"பேரு எய்திக் குடுக்கணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. யார் முதல்ல வந்து உக்கார்றாங்களோ அவங்களுக்கு."

"எப்போலேர்ந்து சார்?"

"இப்பவே வந்து உக்காருங்களேன்!"

பாருங்க, இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. செங்கேணியம்மா மரத்தடிக் கட்டம் நடுவுல குடத்தை வச்சாங்க. புடவையைச் செருகிக்கிட்டு ஓடினாங்க பாருங்க ஒரு ஓட்டம்!

நான் நெனச்சேன்: பூங்கா மேல மக்களுக்கு எவ்வளவு ஆர்வம்!

அரை மணி நேரத்துல பத்து குடும்பம். கையில கோரைப்பாய், சட்டி, விறகு, முறம், கோழி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பிக்னிக்குன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை, எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க!

பதினாறு கட்டமும் நிறைஞ்சுடுச்சு. இன்னும் வர்றாங்க. விடுவேனா? பூப்பந்து கோர்ட்டைக் குறுக்கால கிழிச்சு பன்னெண்டு கட்டம் ஆக்கினேன். பெருங்களத்தூர்லேர்ந்து ரெண்டு குடும்பம் பஸ் பிடிச்சு, மூட்டை முடிச்சோட வந்து இறங்குது. அவங்களை பூச்செடி வட்டத்துல உக்கார வச்சேன்.

"இன்னா சார், எங்களுக்கு மட்டும் ரவுண்டா கீது?"

"அது ஸ்பெஷல்"ன்னேன், பெருமையா.

அப்போ ஒருத்தர் தன் கட்டத்தோட நாலு மூலையிலயும் குழி தோண்டிக்கிட்டிருந்தார். பக்கத்துல மூங்கில்.

"நிழலுக்கா?"ன்னு கேட்டேன்.

"கூரைக்கு சார்"ன்னார்.

கூரையான்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள செங்கேணியம்மா கூப்பிட்டாங்க. "சார், வாசப்படி கெயக்கால வச்சிக்கலாமா?"

"எதுக்கும்மா வாசப்படி?"

"வூட்டுக்கு வாசப்படி வேணாவா? நல்லா கேட்டே போ!"

நான் பதில் சொல்றதுக்குள்ள ஹபீப் பாய் சைக்கிள்ல பறந்து வந்தார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழ போட்டார். "மாஸ்டர்! என்ன பண்ணிட்டீங்க! கடைத்தெரு பூரா ஒரே பேச்சு! டிராயிங் மாஸ்டர் இலவசமா மனை குடுக்கறாராமே!"

கையில இருந்த சுண்ணாம்பு டப்பா கீழ விழுந்துடுச்சு. சுத்திப் பார்த்தேன். முப்பது குடும்பம். முப்பது அடுப்பு. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க, ஒரு தெய்வத்தைப் பார்க்கற மாதிரி.

"பாய், ஓடிடலாமா?"

"எங்க ஓடறது? பன்னெண்டு மணிக்கு ஆபீசர்!"

அப்பத்தான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒரு பட்டுப்புடவை வந்துச்சு. எஸ்தர்! கையில பாட்டுப் புஸ்தகம். சர்ச்சு வாசல்வரைக்கும் சேதி போயிருக்கு.

தலைவலிக்காரன் வெயில்ல சுண்ணாம்பு பூசிக்கிட்டு நிக்கறேன். இன்னிக்குச் செத்தோம்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

"ஊருக்கெல்லாம் மனை குடுக்கறீங்களே, நமக்கு ஒண்ணு எடுத்து வச்சீங்களா?"ன்னா.

"எஸ்தர், இது மனை இல்லை..."

"தலைவலியைப் பத்தி வீட்டுல பேசிக்கலாம். முதல்ல இடத்தைப் பிடிக்கணும்." மூலையில மிச்சமிருந்த இடத்துல, பட்டுப்புடவையோட, சப்பணம் போட்டு உக்காந்துட்டா!

ஜீப் வந்து நின்னுது.

ஆபீசர் இறங்கினார். நாலா பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் கருவாட்டுக் குழம்பு கொதிக்குது, ஒரு பக்கம் குழந்தைங்க ஊஞ்சல் கம்பியில தொங்குதுங்க. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோச்சு.

"அடடா! யாருமே வராத இடம்னு என்கிட்ட சொல்லியிருந்தாங்களே!" செங்கேணியம்மாகிட்ட போய் நின்னார். "ஏம்மா, இங்க அடிக்கடி வருவீங்களா?"

"இனிமே போறதாவே இல்ல சார்!"

"பலே! குழந்தைங்களுக்கு இடம் பிடிச்சிருக்கா?"

"அதுங்க வளந்து, கல்யாணம் கட்டி, புள்ள பெத்துக்கறது எல்லாம் இங்கதான்!"

ஆபீசர் என்னைப் பார்த்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு. "மாஸ்டர், இந்த மாதிரி ஒரு ஈடுபாட்டை நான் எங்கயும் பார்த்ததில்லை." நோட்டை எடுத்தார். "சொல்லும்மா, என்ன வசதி வேணும்?"

"தண்ணிக்கொயா சார். அதான் மொதல்ல. அப்பால ராத்திரிக்கு வெளக்கு."

குழாய், விளக்குன்னு எழுதிக்கிட்டார். "வேற?"

"பட்டா எப்போ சார் குடுப்பே?"

"பட்டாவா?" பேனா நின்னுடுச்சு.

என் வாய்லேர்ந்து எப்படி வந்துச்சோ தெரியலை. "பாட்டு சார், பாட்டு! பூங்காவுக்கு ரேடியோ வேணுமாம்!"

"ஆமா சார்"ன்னு பாய் பிடிச்சுக்கிட்டார். "இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பாட்டுன்னா உயிர்!"

"இன்னா பாட்டு? நான் பட்டான்னேன்"னு செங்கேணியம்மா மறுபடி ஆரம்பிச்சாங்க. நான் எஸ்தரைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ, அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, பாட்டுப் புஸ்தகத்தைப் பிரிச்சா. உச்சஸ்தாயில ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டா பாருங்க! எஸ்தர் சர்ச்சு கொயர்ல பாடறவ. அவ பாடினா பக்கத்துல ரயிலே போனாலும் காதுல விழாது. குழந்தைங்க கை தட்ட ஆரம்பிச்சுது. பூச்செடி வட்டத்துக்காரர் சட்டியில தாளம் போட்டார். பட்டாவும் கேக்கலை, கிட்டாவும் கேக்கலை!

ஆபீசர் தலையை ஆட்டி ரசிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார். ஜீப் போயிடுச்சு.

பாட்டு நின்னுது. முப்பது குடும்பமும் என்னைப் பார்த்துச்சு.

சொல்லித்தானே ஆகணும்? சொன்னேன். இது மனை இல்லை, பூங்கா. நான்தான் சரியா சொல்லலை, தப்பு என்னுதுதான்னு. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியலை. மூங்கில் நட்டவர் மெதுவா மூங்கிலைப் பிடுங்க ஆரம்பிச்சார். ரெண்டு அடி வாங்கியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

செங்கேணியம்மா எழுந்து வந்தாங்க. "அப்போ இந்தக் கட்டமெல்லாம் இன்னாத்துக்கு?"

"பிக்னிக்குக்கும்மா."

"அப்டின்னா?"

"வீட்டுலேர்ந்து சாப்பாடு கட்டிக்கிட்டு வந்து, இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு, திரும்ப வீட்டுக்குப் போறது."

என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "இதுக்கு ஒரு ஆபீசரு, ஒரு ஜீப்பு?" "அந்தத் தண்ணிக்கொயாவாவது மெய்யா?"

"அது சத்தியமா மெய்தாம்மா. கையெழுத்தாயிடுச்சு."

"எங்க வைக்கப் போறே?"

நடுவுல, அழகா இருக்கும்னேன். அந்தம்மா குனிஞ்சு ஒரு கை சுண்ணாம்பை அள்ளினாங்க. பூங்காவோட கடைசி ஓரத்துக்கு, ரயில் லைன் பக்கமா நடந்து போனாங்க. தரையில ஒரு வட்டம் போட்டாங்க. என்னுதைவிட நல்ல வட்டம்.

"இங்க வை. எங்க வூட்லேர்ந்து கூப்பிடு தூரம்."

"சரிம்மா"ன்னார் பாய். வேற என்ன சொல்றது?

"அடியே, கொயம்பு கொதிச்சிடுச்சி, எல்லாரும் துண்ணுட்டே போலாம்!"னு குரல் குடுத்துட்டு என் பக்கம் திரும்பினாங்க. "நீயும் குந்து சார். பேஜார் பண்ணாலும் பசிக்கும்ல."

குந்தினேன். பக்கத்துல பட்டுப்புடவையோட எஸ்தர். இன்னொரு பக்கம் பாய், ரெண்டாவது தட்டு சோறு வாங்கிக்கிட்டிருந்தார்.

மூணு மாசத்துல குழாய் வந்துச்சு, அந்தம்மா போட்ட வட்டத்துலயே. பெஞ்சு வந்துச்சு, விளக்கு வந்துச்சு, ஊஞ்சல்கூட வந்துச்சு.

நான் கத்துக்கிட்டது இதுதான்: பிளானை எப்பவும் பேப்பர்லயே போடணும், தரையில போட்டா ஜனங்க குடிவந்துடுவாங்க.