தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை

எது நடப்பதாக இருந்தாலும் அது நடக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பதற்காகவே பிறவி எடுத்த ஓர் இனம் உண்டு. ஆட்சேபணைக்காரர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் அப்படி யாருமில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

நான் சொல்லும் ஆசாமி தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நடக்கக் கிளம்பினால் மற்றவர்கள் காற்று வாங்குவார்கள். இவர் கதவு கதவாக நின்று உரிம அறிவிப்புகளை வாசிப்பார். மது விற்க வேண்டுமானாலும் சரி, பாட்டுக் கச்சேரி வைக்க வேண்டுமானாலும் சரி, வாசலில் இருபத்தொரு நாள் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். சட்டம் ஏதோ மரியாதைக்குக் கேட்கிறது. இவரோ பத்திரிகை வைத்து அழைத்ததுபோல் பூரித்துப் போவார்.

அந்த மாதம் அறிவிப்பு ஒட்டியிருந்தது அவர் தினமும் சாப்பிடும் உணவகத்தின் கதவில். நடத்துகிறவள் தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். இவருடைய மனைவி மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்ட போதெல்லாம் இவர் வயிற்றைக் காப்பாற்றிய புண்ணியவதி. எதிரே பெரிய சாப்பாட்டுக் கடை வந்தபின் மாலை நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தம்பியை விட்டு கீபோர்டு வாசிக்கச் செய்து, சாப்பிட வருபவர்களுக்கு ஒரு கிளாஸ் பீரும் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"இந்த லைசென்ஸ் கெடைக்கலைன்னா மாசக் கடைசியில கட்டடக்காரர்கிட்ட சாவியக் கொடுக்க வேண்டியதுதான் மாமா" என்று அவரிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் உச்சுக் கொட்டினார். கொட்டிவிட்டு, அதே மேசையில், அவளிடமே பேனா வாங்கி ஆட்சேபணை எழுதினார்.

புதிதாக யோசித்தாவது எழுதினாரா? அந்தச் சிரமமெல்லாம் எதற்கு! போன வருஷம் ஒரு சினிமாக் கொட்டகைக்கு எழுதியதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் காப்பியடித்தார். பிறகு மூட்டு வலியையும் பொருட்படுத்தாமல் மாடி மாடியாக ஏறி நாற்பத்தோரு கையெழுத்து வாங்கினார்.

விசாரணை நாளில் அவரைப் பார்த்ததும், மாமா தனக்காகப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று அவள் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். அதில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல சார்" என்று ஆரம்பித்தார். இந்த இனம் குழி பறிக்கும் முன் சொல்லும் மந்திரம் அது.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "பக்கத்துல ஸ்கூல் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, எந்த ஸ்கூல்?"

"இப்ப இல்ல சார். நாளைக்கு வரலாமில்லையா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பாவம், பிழைத்தோம் என்று நினைத்துவிட்டாள். அதிகாரி சிரித்துக்கொண்டே கடைசித் தாளுக்குப் போனார்.

"இவர் ஒருத்தர்தான்னா தூக்கிப் போட்டுடுவேம்மா. நாப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, நான் என்ன பண்ணட்டும்?"

உரிமம் இல்லை என்று ஆயிற்று.

மாதம் முடிந்து ஷட்டர் இறங்கியது. மறுநாள் ஆட்சேபணைக்காரர் வழக்கம்போல் பசியோடு வந்தார். மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டு நின்றவளிடம் உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"மூடப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? மூடக் கூடாதுன்னு மனு போட்டிருப்பேனே."

நெஞ்சாரச் சொன்னார் அந்த மனுஷன். கேட்கவே வயிறு எரிகிறது.

அவள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. உரிமம் இல்லை என்ற உத்தரவோடு இணைத்து அனுப்பியிருந்த கையெழுத்துப் பட்டியலைத்தான் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர். மாடிவீட்டு டீச்சர். சொந்த அக்கா புருஷன். எல்லாம் அவள் கையால் சாப்பிட்ட ஜனங்கள். ஒருவருக்கும் அவள்மேல் விரோதம் கிடையாது. அது என்ன மனு என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. பெரியவர் படியேறி வந்து நிற்கிறார், அடுப்பில் பால் பொங்கப் போகிறது, போட்டுத் தொலைப்போம் என்று போட்ட கையெழுத்துகள்.

அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். போன மாதம் உங்கள் வாசலில் ஒருவர் தாளை நீட்டியபோது சட்டென்று போட்டுக் கொடுத்தீர்களே, அது யாருடைய கடை?